ஆகஸ்ட் விடுமுறைப் பயணம்: மருந்துப் பையில் என்ன வைப்பது?

வாசகர் கேள்வி, ஜூலை 4, காலை

அக்கா, ஆகஸ்ட் லீவுக்கு வேன் பிடித்துப் போகிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர் (9, 5), அம்மா (71, சீனி வருத்தம், முழங்கால் நோ). அதிகாலை 2 மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிட்டு சீகிரியா ஏறி, பின்னேரம் கண்டி, இரவு நுவரெலியா. அடுத்த நாள் ஹோர்ட்டன் சமவெளி. பிறகு எல்ல, பாசிக்குடா, வீடு. ஒருவரும் நோய் நொடி இல்லாமல் திரும்பி வர மருந்துப் பையில் என்னென்ன வைக்க வேண்டும்? பட்டியல் மட்டும் போதும்.

ஜூலை 4, இரவு

பட்டியல் தருகிறேன் தம்பி, ஆனால் முதலில் உங்கள் முதல் நாளைப் பற்றிக் கதைக்க வேண்டும். நித்திரை இல்லாமல் வெளிக்கிட்டு, சீகிரியாவில் ஏறத்தாழ 1,200 படி ஏறி இறங்கி, கண்டி நெரிசலில் நின்று, இருட்டிய பிறகு கம்பளை, றம்பொடை வளைவுகளில் நுவரெலியாவுக்கு ஏறுவது. அந்த நாளுக்கு எந்தக் குளிசையும் உதவாது.

நான் கொழும்பில் பிசியோவாக வேலை செய்கிறேன். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள் முடிந்த கையோடு வருகிறவர்களிடம் எப்போது அடிபட்டது என்று கேட்டால் பதில்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும்: இறங்கும்போது, கடைசிப் படிகளில், ஹோட்டலில் வந்திறங்கிப் பை தூக்கியபோது, இரவில் பாத்ரூமுக்கு எழும்பியபோது. ஏறும்போது விழுந்தேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. களைப்பும் தாகமும் அவசரமும் ஒன்றாகச் சேரும் நேரத்தில்தான் மனிதர் விழுகிறார்கள், ஆகவே நான் மருந்துப் பையைப் பார்க்க முன் பயணத் திட்டத்தின் மணிக்கணக்கைப் பார்ப்பேன். சீகிரியாவையும் நுவரெலியாவையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒரு இடத்தை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்று வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

ஜூலை 5

நேற்று எழுத மறந்தது, மறக்கவே கூடாதது: வேன் ஓட்டுகிற தம்பி.

அதிகாலை 2 மணிக்கு வெளிக்கிட்டால் ட்ராபிக் இல்லை என்பது உண்மை. ஆனால் உங்களுக்குப் பின்சீட்டில் நித்திரை கொள்ளலாம், அவருக்கு முடியாது. ஒருமுறை ஹபரணைப் பக்கம் நாங்கள் போன வேன் நேரான வீதியில் மெல்ல மெல்ல வெள்ளைக் கோட்டைத் தாண்டத் தொடங்கியது. எதிரே ஒன்றும் வராததால்தான் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறுத்திக் கேட்டால், முந்தைய இரவு கட்டுநாயக்க ஹயர் ஒன்றை முடித்துவிட்டு நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார் மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சீசனில் அவர்களுக்கு உழைக்கிற நாட்கள் அவ்வளவுதான். அன்றிலிருந்து வேன் பேசும்போதே முந்தைய நாள் ஹயர் இருக்கிறதா என்று கேட்கிறேன், இருந்தால் காலை 6 மணிக்குப் பிறகுதான் வெளிக்கிடுவோம் என்று சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, ஹோட்டல் பேசும்போது டிரைவர் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். சில இடங்களில் நுளம்பு வலைகூட இல்லாத மூலை அறை கொடுக்கிறார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை, வேனுக்குள்தான் படுக்கை. நீங்கள் மெத்தையில் படுத்து எழும்பி, உங்கள் பிள்ளைகளை நுளம்புக்கடியோடு விடிய விடிய முழித்திருந்த ஒருவரிடம் ஒப்படைத்து மலை இறங்கப் போகிறீர்கள். ஒரு சாதாரண அறைக்கு மேலதிகமாகக் கொடுக்கும் காசு இந்தப் பயணத்தில் நீங்கள் செய்கிற மிகப் பயனுள்ள செலவு. நித்திரை தூக்கினால் பிளேன்டீ கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். நிறுத்தி 20 நிமிடம் கண்ணயரச் சொல்லுங்கள், அது அதைவிடப் பெரிதாக உதவும்.

ஜூலை 5, பின்னேரம்

சீட் பெல்ட். பின்சீட்டிலும். ஐந்து வயதுப் பிள்ளையை முன்சீட்டில் மடியில் வைக்கவே வைக்காதீர்கள். சடுதியாக பிரேக் பிடித்தால் கைப்பிடியால் ஒரு பிள்ளையைத் தாங்க எவராலும் முடியாது. இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

ஜூலை 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அதிகாலையில் வெளிக்கிட வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் சீகிரியா வெயிலுக்கு முதலே ஏற வேண்டுமே?"

சரியான கேள்வி. நான் வேண்டாம் என்றது நித்திரை இல்லாத அதிகாலையை. சீகிரியாவுக்கு விடிகாலைதான் நல்லது, காலை 7 மணிக்கெல்லாம் படியடியில் நிற்க வேண்டும். அதற்கு முதல் நாள் பகலிலேயே ஹபரணை, தம்புள்ளை, சீகிரியா பக்கம் எங்காவது போய்த் தங்குவதுதான் வழி. 10 மணிக்குப் பிறகு அந்தப் பாறை சூட்டை வாங்கித் திருப்பித் தருகிறது, இரும்புப் படிக்கட்டில் நெரிசல் வேறு, நின்று நின்று ஏறும்போது வெயில் இரட்டிப்பாகக் குடிக்கும்.

அங்கே குளவியும் உண்டு. பாறை முகத்தில் பெரிய கூடுகள், சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், கலைந்த நாட்களில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கள். கொட்டினால் ஒதுங்குங்கள், கையை விசிறி அடிக்க வேண்டாம். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ பல கொட்டுகள் பட்டிருந்தாலோ 1990.

அந்த இலக்கத்தைத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது, காசு இல்லை. அழைக்கும்போது இடத்தைச் சொல்ல வேண்டும், ஆகவே போகிற வழியில் ஊர்ப் பெயரையும் கிலோமீட்டர் கல்லையும் பார்த்துக்கொண்டு போகிற பழக்கம் நல்லது. பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுங்கள், ரசித்துச் செய்வார்கள்.

ஜூலை 8

அம்மாவின் முழங்கால் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

ஏறுவது இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை, இறங்குவது முழங்காலுக்கு வேலை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்கிறது. அதற்குப் பழக்கமில்லாத தசை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உளையும், உளைகிற காலோடு அடுத்த மலைக்குப் போனால் கால் சரியாக ஊன்றாது. இதனால்தான் மூன்றாம் நாள் எல்லயில் விழுகிறார்கள், காரணம் முதல் நாள் சீகிரியாவில் கிடக்கிறது.

மரைன் டிரைவில் நடக்கிறேன், சுதந்திர சதுக்கத்தைச் சுற்றுகிறேன் என்று பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள், ஆனால் சமதரை நடை படி இறங்குவதற்குப் பயிற்சி ஆகாது. நம்மில் பாதிப் பேர் அடுக்குமாடியில் இருக்கிறோம். பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முதலே லிஃப்டில் ஏறிப் படியால் இறங்குங்கள். முதலில் இரண்டு மாடி, பிறகு நான்கு. மெதுவாக, கைப்பிடியைத் தொட்டபடி, காலைத் தொப்பென்று போடாமல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

அம்மாவைச் சீகிரியா உச்சிக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் எண்ணம். கீழே நீர்த் தோட்டம் அழகு, நிழல் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. அவரோடு ஒருவர் நிற்க வேண்டும், தனியே இருத்திவிட்டுப் போகக் கூடாது. ஆனால் இதை அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். வயது போனவர்களை நாம் பொதி மாதிரி வைத்துவிட்டுப் போகிறோம், அவர்கள் பிள்ளைகளுக்குக் கரைச்சல் வேண்டாம் என்று வாயைத் திறப்பதில்லை.

ஜூலை 8, இரவு

பாதிப்படி ஏறிப் பார்க்கப் போகிறாராம் அம்மா. நல்லது, சிங்கப் பாதம் வரை என்றால் அதுவும் பெரிய ஏற்றம், கைத்தடி ஒன்று வாங்குங்கள். தடி நோகிற காலுக்கு எதிர்க் கையில். இறங்கும்போது நோகிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். வெளிக்கிடும் நாளுக்கு முதல் வீட்டுப் படியில் பழகட்டும்.

ஜூலை 11

சீனி வருத்தம் உள்ளவர்கள் எல்லோரும் இதை வாசியுங்கள், சிவனொளிபாதத்துக்கும் கதிர்காமத்துக்கும் போகிறவர்களும்.

கோயில்களில் செருப்பைக் கழற்றுகிறோம். நண்பகலில் திருகோணமலைக் கோணேசர் வாசலிலோ தம்புள்ளைக் குகைக்கு முன்னால் உள்ள பாறைத் தளத்திலோ அநுராதபுரத்துக் கல் தரையிலோ நல்ல காலே துள்ளும். பல வருடம் சீனி இருந்தவருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும், சூடு தெரியாது, நிதானமாகச் சுற்றிக் கும்பிட்டு வருவார், இரவில் பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். அந்தக் கொப்புளம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். விரலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்களும் உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் கோபமே வருகிறது, ஏனென்றால் காலை 8 மணிக்கு முன் அல்லது மாலை 5க்குப் பின் போனால் முழுக்கத் தவிர்க்கலாம். காலுறை அனுமதிக்கும் இடங்களில் தடித்த பருத்திக் காலுறை போடுங்கள். இரவில் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

இன்சுலின்: நிறுத்திவைத்த வேனுக்குள் விடாதீர்கள், அரை மணித்தியாலத்திலேயே அது அடுப்பு. ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டவும் விடாதீர்கள், உறைந்த இன்சுலினைத் திரும்பப் பாவிக்கக் கூடாது. ஈரத் துணியில் சுற்றிய சிறு மண்முட்டி அல்லது வாய் அகன்ற பிளாஸ்க் போதும். சாப்பாடு பிந்தும் நாள் நிச்சயம் வரும், ஆகவே குளுக்கோஸ் பிஸ்கட்டும் நாலைந்து டொபியும் அம்மாவின் கைப்பைக்குள்ளேயே இருக்கட்டும், டிக்கியில் இருக்கும் பெரிய பைக்குள் வேண்டாம். வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் கதைத்தால் முதலில் இனிப்பு, பிறகு விசாரணை.

ஜூலை 12

"சிவனொளிபாதத்துக்கு ஆகஸ்டில் போகலாமா, கூட்டம் இருக்காதே?" என்று ஒரு தம்பி. கூட்டம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சீசன் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை. மற்ற மாதங்களில் படிக்கட்டு விளக்கு இல்லை, தேத்தண்ணிக் கடைகள் இல்லை, மழை, வழுக்கல், அட்டை. நல்லதண்ணிப் பக்கத்தால் 5,000க்கு மேற்பட்ட படி. இருட்டில், ஈரத்தில், உதவிக்கு ஆளில்லாமல் கணுக்கால் பிரண்டால் என்ன செய்வீர்கள்? ஜனவரியில் போங்கள்.

ஜூலை 12, சற்றுப் பிறகு

கணுக்கால் பிரண்டால் என்ன செய்வது என்று மூன்று பேர் உடனே கேட்டுவிட்டார்கள். நடக்கிறதை நிறுத்துங்கள், கிரேப் பண்டேஜ் இறுக்கமில்லாமல் சுற்றுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். சித்தாலேபவை அழுத்தித் தேய்த்து உருவிவிட ஒரு மாமா கட்டாயம் முன்வருவார், முதல் இரண்டு நாளும் அவரை அன்போடு தள்ளி வையுங்கள். கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு மேடுகளில் ஏதாவது ஒன்றின் பின்விளிம்பைத் தொட்டாலே நோகிறதா, அல்லது நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, இரண்டில் ஒன்று இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் நாளிலிருந்து மெதுவாகக் கால் பாதத்தை அசைக்கத் தொடங்கலாம். மாதக்கணக்கில் கட்டிப்போட்டு வைப்பதால் கால் பலவீனம்தான் ஆகிறது.

எல்ல மலைக்குப் பாட்டா செருப்போடு ஏறாதீர்கள். புதுச் சப்பாத்தோடும் வேண்டாம், ஒரு கிழமையாவது வீட்டில் போட்டுப் பழகியது வேண்டும்.

ஜூலை 15

பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. இதை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். வழியில் டொய்லெட் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் காலையிலிருந்தே வாயை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பின்னேரம் தலையிடி, இரவு எரிவு, அடுத்த நாள் காய்ச்சலோடு சலத்தில் தொற்று. பயணத்தில் பெண்களுக்கு அடிக்கடி வருகிற நோய்களில் இதுவும் ஒன்று, வருத்தம் என்று வாய்விட்டுச் சொல்வதும் பிந்தித்தான்.

ஆகவே வேனில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வேலை: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே நிறுத்துங்கள். கேட்க வைக்காதீர்கள். பெரிய எரிபொருள் நிலையங்களும் வழியோரத்துப் பெரிய உணவகங்களும் ஓரளவு துப்புரவாக இருக்கும், ஒரு தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டுப் போனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. டிஷு, சின்ன சவர்க்காரம், ஒரு போத்தல் தண்ணீர், பழைய ஷொப்பிங் பேக் இவற்றைத் தனிப் பையில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அந்த நிறுத்தம் எல்லோருடைய காலுக்கும் நல்லது. நாலு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்தே போகும் பயணத்தில் காலில் இரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. இளம் ஆட்களுக்கு மொத்த ஆபத்து சின்னதுதான். சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு இப்படி இரத்தம் கட்டியவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வரும் அம்மம்மாவுக்கு இரண்டு பாதமும் வீங்கினால் பெரும்பாலும் தொங்கவிட்டிருந்ததால்தான். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி நோகிறதென்றால் அது வேறு, அன்றே ஆஸ்பத்திரி.

ஜூலை 16

வேனிலிருந்து இறங்கியவுடன் பெரிய பையை இழுத்துத் தூக்காதீர்கள். அஞ்சு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். நாரிப் பிடிப்போடு வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த அஞ்சு நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்தவர்கள்.

ஜூலை 19

சாப்பாடு.

விடிய 4 மணிக்குச் சமைத்துக் கட்டிய சோற்றுப் பார்சலைப் பின்னேரம் 3 மணிக்கு அவிழ்ப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். ஆனால் சூட்டோடு மூடிய சோறும், தேங்காய்ச் சம்பலும், பால் விட்ட கறியும் வேன் சூட்டில் அத்தனை மணித்தியாலம் கிடப்பது வயிற்றோட்டத்துக்கு நேர்வழி. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கட்டுவதென்றால் காலைச் சாப்பாட்டுக்குக் கட்டுங்கள், பால் இல்லாத கறியோடு. மத்தியானத்துக்கு ஆவி பறக்கப் போடுகிற கடை. கொத்து ரொட்டி கண் முன்னால் தட்டில் கொத்திச் சூடாக வருகிறது, பயப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து இருக்கும் றோல்ஸுக்குத்தான் நான் பயம். ஒரு வாசகர் தன் மாமி இரண்டு டின் முறுக்கு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார் என்று எழுதியிருந்தார். அந்த மாமிக்கே என் வாக்கு, காய்ந்த பலகாரத்தில் கிருமி வளராது.

கடலோரத்தில் மீன் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடித்தால் அலர்ஜி என்று நினைப்போம். சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் சேரும், சமைத்தாலும் அது அழியாது. பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் அடங்கும், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரி.

ஜூலை 20

மருந்துப் பட்டியல், கடைசியில்.

பனடோல். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) பக்கற் நிறைய, ஒவ்வொன்றையும் பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அரை பக்கற் அரைக் கிளாஸ் என்று கண்மதிப்பில் கரைக்கக் கூடாது. செவ்விளநீர் தாகத்துக்கு நல்லது, பிள்ளைக்கு ஓயாத வயிற்றோட்டம் என்றால் ஜீவனிதான். அலர்ஜிக்குப் பிரிடன் அல்லது செற்றிரிசின். கிரேப் பண்டேஜ், கோஸ், பிளாஸ்டர், கிருமிநீக்கி. நுளம்பு விரட்டும் கிறீம். வெப்பமானி. வாந்தி வரும் பிள்ளைக்கு டொக்டரோ பார்மசிக்காரரோ சொல்லும் குளிசை, வளைவு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை, முன்கூட்டியே. றம்பொடை வளைவில் பிள்ளை ஃபோன் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்க்கட்டும், இஞ்சித் துண்டு சிலருக்கு உதவுகிறது. ஆளுக்காள் வழக்கமான மருந்து, போகிற நாட்களைவிட இரண்டு நாள் கூட, மருந்துச் சீட்டின் படத்தோடு.

வைக்க வேண்டாதது: மிச்சம் கிடந்த அன்ரிபயோட்டிக். அப்புறம் இபுபுரூஃபன், டிக்லோஃபெனாக், அஸ்பிரின் இவற்றைக் காய்ச்சலுக்குக் கொடுக்கவே வேண்டாம். டொக்டர் இதயத்துக்குத் தினமும் எடுக்கச் சொன்ன அஸ்பிரின் வேறு விஷயம், காய்ச்சல் வந்தால் அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள். காய்ச்சலுக்கு இவை வேண்டாம் என்பதற்குக் காரணம் டெங்கு, அதில் இந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும். கொழும்பிலிருந்து போகிறவர்கள் நுளம்பு போகிற இடத்தில்தான் என்று நினைக்கிறோம், டெங்குவின் தலைநகரமே நாம் இருக்கிற இடம். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் வந்தது, கொழும்பும் கம்பஹாவும் முன்னணியில். பகலில் கடிக்கிற நுளம்பு. புறப்படும் முன் வீட்டுப் பூச்சட்டித் தட்டையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் காயவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது ஒரு நுளம்புக் குடும்பம் வரவேற்கக் கூடாது. மலேரியா இங்கே இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 26

கடல். ஆகஸ்டில் பாசிக்குடா, நிலாவெளி சரியான தேர்வு, அந்த மாதத்தில் கல்கிசை, ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம் கடல் கொந்தளிப்பு. டிசம்பரில் நேர்மாறு. பாசிக்குடாவில் வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர்தான், அதனால்தான் பெரியவர்கள் கரையில் கதை பேசிக்கொண்டு பிள்ளையை மறந்துவிடுகிறார்கள். மூழ்குகிற பிள்ளை கத்தாது. ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், முறை வைத்துப் பாருங்கள், "எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை.

இழுக்கிற நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வந்து பிறகு கரைக்கு வர வேண்டும், முடியாவிட்டால் மிதந்து கையை உயர்த்துங்கள். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு விடுமுறைக்குப் பின்னும் பத்திரிகையில் அந்தச் செய்தி வருகிறது, வாசிக்கும்போது அந்த அம்மாக்களைத்தான் நினைக்கிறேன்.

ஆறு, அருவியில் குளிக்கும்போது தண்ணீர் கலங்கத் தொடங்கினால், இலை குப்பை மிதந்து வந்தால், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உடனே ஏறுங்கள், மேலே மழை.

ஓகஸ்ட் 2

மலை இறங்குவது பற்றி, ஏனென்றால் சிலர் வேன் பிடிக்காமல் சொந்தக் காரில் போகிறார்கள். 2025 செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா போன பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நீங்கள் எல்லயிலிருந்து பாசிக்குடாவுக்குப் போவதும் நீண்ட இறக்கத்தோடுதான் தொடங்குகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள், ஓட்டோ கியர் என்றால் கீழ் நிலை, ஹைபிரிட்டில் 'B' (பார்க்கிங் 'P' அல்ல). நியூட்ரலில் விட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்க வேண்டாம். கருகல் மணம் வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். பகலில் இறங்குங்கள்.

நுவரெலியா அறைக்குள் குளிருக்குக் கரிச்சட்டி வைக்காதீர்கள், பார்பிகியூ அடுப்பை மழைக்கென்று உள்ளே எடுக்காதீர்கள். வருகிற வாயுவுக்கு மணமே இல்லை, நித்திரையிலேயே உயிர் போய்விடும். இன்னொரு போர்வை கேளுங்கள்.

ஓகஸ்ட் 3

நாய், பூனை, குரங்கு எது கீறினாலும் கடித்தாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். பயணம் முடியட்டும் என்று பார்க்க வேண்டாம், விசர்நாய்க்கடி நோய் தொடங்கிவிட்டால் மருந்தில்லை.

ஹோட்டலில் முதல் வேலையாக அம்மாவுக்குப் பாத்ரூமைப் பகலிலேயே காட்டுங்கள். எங்கே படி, எங்கே சுவிட்ச், தரை வழுக்குமா. அங்குள்ள மென்மையான வெள்ளைச் செருப்பைப் போடவிடாதீர்கள், ஈரத்தில் சறுக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டோர்ச்.

ஓகஸ்ட் 22

வந்து சேர்ந்துவிட்டோம் என்று தம்பி எழுதியிருக்கிறார். கண்டியை வெட்டியிருக்கிறார்கள், ஹோர்ட்டன் சமவெளியையும். அம்மா சிங்கப் பாதம் வரை ஏறி இறங்கினாராம், அதை வாசித்தவுடன் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டிரைவருக்கு அறை எடுத்ததற்கு ஹோட்டலில் விசித்திரமாகப் பார்த்தார்களாம். பார்க்கட்டும்.

ஓகஸ்ட் 24

சின்னவனுக்கு நேற்று மத்தியானத்திலிருந்து காய்ச்சல் என்றீர்கள். தொண்டையாகவும் இருக்கலாம், பயப்படாதீர்கள், ஆனால் இன்றே டொக்டரிடம் காட்டி, எந்த ஊர்களில் தங்கினீர்கள், வயல் சேற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ பிள்ளை விளையாடினானா என்பதையும் சொல்லுங்கள். டெங்குவா எலிக்காய்ச்சலா என்று யோசிக்க அவருக்கு அது வேண்டும், இரண்டுமே நாட்கள் கழித்துத்தான் வெளிப்படும். பனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில். இரத்தப் பரிசோதனை எப்போது என்று அவர் சொல்வார், மூன்றாம் நாளைத் தவறவிடாதீர்கள். எத்தனை முறை சலம் போகிறான் என்று எழுதிவையுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை துவண்டு கிடந்தால், வயிறு நோகிறது என்றால், விடாமல் சத்தி எடுத்தால், மூக்கிலோ முரசிலோ இரத்தம் வந்தால் என்னிடம் கேட்க இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடிவு வந்ததும் ஒரு வரி போடுங்கள்.